மைக் அளவும் இடவல அமர்வும்: வீட்டில் பாடிப் பதிவு செய்யத் தொடங்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் குடியிருக்கும் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு)ப் பின்புறம் இன்றைக்கும் செம்பனைத் தோட்டம்தான். அங்கிருந்தும் சுற்றியுள்ள பழைய தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்தும் இளைஞர்கள் தாங்கள் பதிவு செய்த பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. கோயில் திருவிழாவுக்கான பஜனை, உறுமி மேளக் குழுவின் புதிய அடி, தங்கையின் திருமணத்துக்கு எழுதிய வாழ்த்துப் பாட்டு என்று எதைக் கொண்டுவந்தாலும், அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "குரல் கிழியுதுண்ணே" என்பது ஒன்று. "ஒரு காதுல மட்டும்தாண்ணே கேட்குது" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து புதிய மைக் அன்று. மைக்கின் அளவைச் சரியாக வைக்கும் பழக்கமும், ஒலிகளை இடம் வலமாக அமர்த்தும் தெளிவும் இருந்தால், கையில் இருக்கிற கருவியிலேயே கேட்கத் தக்க பதிவு கிடைத்துவிடும்.

தொடங்குவதற்கு ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், ஒரு மடிக்கணினி ஆகியவை போதும். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டி நம் தேவைக்குத் தாராளம். கண்டென்சர் மைக் வாங்கினால்தான் ஸ்டுடியோத் தரம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது நல்ல மைக்தான். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் இயங்கும், உணர்திறன் மிகுந்தது, மேல் ஸ்தாயியின் நுணுக்கங்களை அழகாகப் பிடிக்கும். ஆனால் தகரக் கூரையும் சிமென்ட் தரையும் பலகைச் சுவரும் உள்ள வீட்டில் அந்த நுணுக்கத்தோடு வீடும் சேர்ந்தே பதிவாகும். டைனமிக் மைக் தூரத்து இரைச்சலை எடுக்காது என்று சொல்வதும் முழு உண்மை அன்று. அந்த மைக்கை நாம் வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுகிறோம். அதனால் குரல் பெரிதாகவும் பக்கத்து வீட்டுச் சேவல் சிறிதாகவும் விழுகின்றன. கருவியின் பெயரைக் காட்டிலும் அது நிற்கும் தூரமே பதிவைத் தீர்மானிக்கிறது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெயின் குமிழுக்கும் ஃபேடருக்கும் உள்ள வேறுபாடு

வாயிலிருந்து வரும் ஒலி மைக்கில் பட்டு மிகச் சிறிய மின்குறியாக மாறுகிறது. இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழ் அதைப் பெருக்குகிறது. பெருகிய மின்குறி எண்களாக மாற்றப்பட்டுக் கணினிக்குள் செல்கிறது. திரையில் நாம் ஏற்றி இறக்கும் ஃபேடர் அந்த எண்களைத்தான் கூட்டுகிறது, குறைக்கிறது. ஆகவே கெயின் குமிழ் இருப்பது ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்பு. ஃபேடர் இருப்பது மாறிய பின்பு. தொடங்குவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி, கெயினை உச்சத்தில் வைத்துப் பதிவு செய்துவிட்டு, ஒலி அதிகமாக இருக்கிறதே என்று ஃபேடரை இறக்கிப் பார்க்கிறார்கள். ஒலி குறைகிறதே தவிர, கிழிசல் அப்படியே இருக்கிறது.

பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். பால் வடிய மரத்தில் கட்டிய மங்கு (கிண்ணம்) நிரம்பி வழிந்துவிட்டால், வழிந்த பால் மண்ணுக்குப் போனதுதான். அதன்பிறகு வாளியில் ஊற்றும்போது எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் அது திரும்பாது. எண்ணாக மாற்றும் பகுதியே இங்கே மங்கு. அதன் விளிம்பைத் தாண்டிய அலையின் முகடு வெட்டுப்பட்டுவிடுகிறது, வெட்டுப்பட்ட முகட்டைத்தான் நம் காது கிழிசல் என்று உணர்கிறது.

இந்த விளிம்புக்குக் கணினியில் சுழியம் என்று பெயர். டிஜிட்டல் அளவுகோலில் உச்சம் 0 டெசிபல். அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மைனஸ் எண்கள். 6 டெசிபல் குறைந்தால் அலையின் உயரம் பாதியாகிறது. மைனஸ் 12 என்றால் உச்சத்தில் கால் பங்கு உயரம். இதைக் கேட்டதும், கால் பங்குதானா, அவ்வளவு இடத்தை வீணாக்கலாமா என்ற எண்ணம் எழும். நாடாவில் பதிவு செய்த காலத்தில் நாடாவுக்கே உரிய இரைச்சலுக்கு மேலே குரல் நிற்க வேண்டும் என்பதற்காக அளவை முடிந்தவரை ஏற்றிவைத்தார்கள். அந்த அறிவுரைதான் இன்னும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. இன்றைய இன்டர்ஃபேஸ்களில் 24-பிட் பதிவு சாதாரணம். 16-பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடையே கணக்கின்படி ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு. 24-பிட்டில் அது 144 டெசிபல். மைனஸ் 12-இல் பதிவு செய்தாலும் குரலுக்கு அடியில் இருக்கும் இரைச்சல் உங்கள் மின்விசிறியுடையதும் குளிர்சாதனப் பெட்டியுடையதுமாகத்தான் இருக்கும். பதிவு முறையின் இரைச்சல் அதற்கும் வெகு கீழே கிடக்கும்.

ஆகையால் நான் பின்பற்றுவதும் பிறருக்குச் சொல்வதும் இதுதான்: பாடலின் மிக உரத்த இடம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 10-க்கும் இடையே எட்டட்டும், சாதாரணமாகப் பாடும்போது அளவு மைனஸ் 18 அளவில் உலவட்டும். ஆடாசிட்டியின் அளவுமானியைப் பெரிதாக இழுத்து வைத்துக்கொண்டால் இந்த எண்கள் தெளிவாகத் தெரியும். ஆடாசிட்டி இயல்பாக 32-பிட் ஃபுளோட் என்னும் வடிவில் சேமிக்கிறது, அதனால் எவ்வளவு ஏறினாலும் பின்னர் இறக்கிக்கொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். கணினிக்குள் வந்த பிறகு நடக்கும் கணக்குக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரண இன்டர்ஃபேஸின் வாசலில் வெட்டுப்பட்டு உள்ளே வந்த முகடு வெட்டுப்பட்டதுதான்.

அளவு பார்க்கும் முறையிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. பாடகரை மைக் முன் நிறுத்தி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ திரீ" என்று பேசச் சொல்லி, அந்தப் பேச்சுக்குக் கெயின் வைத்துவிடுகிறார்கள். பேசும் அளவு வேறு, மேல் ஷட்ஜத்தில் நின்று பாடும் அளவு வேறு. பாடலில் எந்த வரி மிக உரக்க வருகிறதோ அந்த வரியை முழு மூச்சோடு இரண்டு முறை பாடச் சொல்லுங்கள். அது மைனஸ் 12-ஐத் தொடும்படி குமிழை வையுங்கள். பின்னர் அதற்கும் ஒரு சிறு திருப்பு கீழே இறக்குங்கள். ஒத்திகையைக் காட்டிலும் உண்மையான பதிவில் எல்லோரும் உரக்கப் பாடுவார்கள். நான் பதிவு செய்தவர்களில் இதற்கு விலக்காக ஒருவரையும் கண்டதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நல்ல பதிவை இழந்த பிறகுதான். எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர், லயத்தில் பாடிய தாலாட்டுகள் பலவும் அவருக்கு நினைவில் உண்டு. முதன்முதலாக அவரைப் பாயில் அமரவைத்துப் பதிவு செய்தபோது அவர் முணுமுணுப்பாகத் தொடங்கினார். ஒலி போதவில்லையே என்று நான் பாட்டின் நடுவிலேயே கெயினை ஏற்றினேன். மூன்றாவது வரியில் பிள்ளையை "என் கண்ணே" என்று அழைத்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஏதோ ஓர் இரவு அவர் குரலுக்குள் வந்து நின்றது, குரல் எழும்பியது, அளவுமானி முழுவதும் சிவந்தது. போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் காகிதம் கிழிவது போன்ற ஓசைதான் இருந்தது. "தம்பி, இன்னொருக்கா பாடணுமா?" என்று கேட்டு, முகம் சுளிக்காமல் மறுபடியும் பாடினார். இரண்டாவது பதிவில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த அழைப்பு முதல் முறை எழுந்ததுபோல் எழவில்லை. அன்றிலிருந்து பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கெயின் குமிழைத் தொடுவதில்லை. ஒலி குறைவாக இருந்தால் இருக்கட்டும், பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு ஐயத்தையும் தீர்த்துவிடுகிறேன். டைனமிக் மைக் தரும் மின்குறி மிகவும் சிறியது. 1966 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கில் மென்மையாகப் பாடுபவருக்கு 50 டெசிபலுக்கு மேல் பெருக்க வேண்டியிருக்கும். குமிழ் முக்கால் சுற்றுக்கு மேல் போய்விட்டதே, ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டாம். குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கணக்கில்லை, அளவுமானி எதைக் காட்டுகிறது என்பதே கணக்கு.

விண்டோஸ் கணினியில் ஒலி அமைப்புகளுக்குள் சென்று "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்பதை அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதானால் தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைக்க முடியும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். சுருதிப் பெட்டியும் மாறாமல் தொடர்ந்துதானே ஒலிக்கிறது! பாடகர் பாடும்போது சுருதி வருவதும், நிறுத்தியதும் சுருதி மறைவதுமாக ஒரு பதிவை என்னிடம் கொண்டுவந்து, மைக் கெட்டுவிட்டது என்றார்கள். மைக்கில் ஒரு பழுதும் இல்லை.

தூரம்: சாண் கணக்கும் விரற்கடைக் கணக்கும்

திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து மைக் இரண்டு மடங்கு விலகினால் அளவு 6 டெசிபல் குறையும். அறைக்குள் நேரடிக் குரலுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குப் பொருந்தாது, அது அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கும். ஆகவே பாடகர் அரைச் சாணிலிருந்து ஒரு சாணுக்குப் பின்வாங்கி, அதை ஈடுகட்ட நீங்கள் கெயினை 6 டெசிபல் ஏற்றினால், குரல் பழைய அளவுக்கு வரும். கூடவே எதிரொலியும் மின்விசிறியும் தெருவில் போகும் லோரியும் 6 டெசிபல் ஏறிவரும். கிணற்றுக்குள்ளிருந்து பாடியதுபோல் இருக்கிறது என்று சொல்லப்படும் பதிவுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டைனமிக் மைக்குக்கு நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை நல்ல தூரம். அதற்கும் நெருங்கினால் குரலின் கீழ்ப்பகுதி தடித்துவிடும். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் நாடும் மைக்குகள் அனைத்துக்கும் உள்ள இயல்பு இது. மெல்லிய குரலுக்கு அது நிறைவு தரும். கனத்த ஆண் குரலை அது மந்தமாக்கிவிடும். நெருங்கிப் பாடும்போது பகரம் வெடிக்கும் தொல்லையும் உண்டு. "பழனி", "பெருமாள்", "பரமன்" என்று பக்திப் பாடலில் பகரத்துக்குக் குறைவே இல்லை. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டின் ஓரத்துக்கு நேராக, சற்றே சாய்வாக வைத்தால் மூச்சுக் காற்று அதைக் கடந்து போய்விடும். துணி மாட்டும் கம்பியை வட்டமாக வளைத்து, அதன்மேல் பழைய காலுறைத் துணியை இழுத்துக் கட்டினால் பாப் ஃபில்டரும் ஆயிற்று.

நெருக்கம் எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பாட்டியின் இரண்டாம் நாள் பதிவில் அதைக் கண்டேன். அவர் தாலாட்டுப் பாடினால் உடம்பும் தொட்டிலோடு ஆடும். ஆடாமல் பாடச் சொன்னால் பாட்டே வராது. மைக்கை 10 செண்டிமீட்டர் தூரத்தில் வைத்திருந்தேன். அவர் முன்னும் பின்னும் 5 செண்டிமீட்டர் அசைந்தார். அதாவது தூரம் 5-க்கும் 15-க்கும் இடையே மாறியது, மூன்று மடங்கு. குரல் ஒவ்வோர் அசைவுக்கும் ஏறத்தாழ 9.5 டெசிபல் ஏறி இறங்கியது. மைக்கை 30 செண்டிமீட்டருக்குத் தள்ளினேன். இப்போது அதே அசைவு 25-க்கும் 35-க்கும் இடையே. வேறுபாடு 3 டெசிபலுக்கும் குறைவு. பாட்டி தம் போக்கில் ஆடினார், குரல் ஒரே சீராக வந்தது. அசையாமல் பாடும்படி ஒருவரை வற்புறுத்துவதைவிட மைக்கை அவருக்கேற்ப நகர்த்துவது நல்லது.

ஆனால் மைக்கைத் தள்ளி வைத்ததற்கு விலையாக அறையை அடக்க வேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சை அணைத்தோம். மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். பாட்டிக்குப் பின்னால் கொடியில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, தரையில் தோத்தோ மெத்தையை (சுருட்டி வைக்கும் மெத்தையை) விரித்தோம். மைக்கின் முதுகுப் பக்கம் சன்னலை நோக்கி இருக்கும்படி திருப்பினோம், ஏனெனில் இவ்வகை மைக்குகள் பின்னாலிருந்து வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக எடுக்கின்றன. நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் பிற்பகல் மழை இறங்கிவிட்டால் எந்த மைக்கும் உதவாது. எங்கள் பகுதியில் காலை பத்து மணிக்கு மேல், பள்ளிப் பேருந்தும் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களும் ஓய்ந்த பிறகு, இரண்டு மணி நேரம் அமைதி கிடைக்கும்.

அடியில் "ம்ம்ம்" என்று ஓர் ஓசை தொடர்ந்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் ஓசை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் கேட்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மைக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள்.

உறுமிக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அங்கே ஒலி குறைவு என்ற பேச்சே இல்லை. கெயினை முற்றிலும் இறக்கியும் சிவப்பு எரிந்தால், இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் "பேட்" என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மைக்கை ஒரு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், முடிந்தால் வீட்டுக்கு வெளியே அஞ்சடியில் (முன்புற நடைபாதையில்) வைத்துப் பதிவு செய்யுங்கள். தோல் கருவியின் அடி கண நேரத்தில் உச்சிக்குப் போய் உடனே விழுந்துவிடும். அளவுமானியில் முகடு மைனஸ் 10 காட்டும்போதும் காதுக்கு அது குரலைவிடச் சிறிதாகக் கேட்கலாம். இரண்டையும் அளவுமானியில் சமமாக்க முயலாமல் காதால் சமமாக்குங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்பது ஏன்

இன்டர்ஃபேஸின் முதல் உள்ளீட்டில் மைக்கைச் செருகியிருப்பீர்கள். ஆடாசிட்டியில் பதிவு இரண்டு சேனல் ஸ்டீரியோ என்று வைக்கப்பட்டிருக்கும். அப்போது முதல் உள்ளீடு இடது காதுக்கும் இரண்டாம் உள்ளீடு வலது காதுக்கும் போகும். இரண்டாம் உள்ளீட்டில் மைக் இல்லை, ஆகவே வலது காதில் ஒன்றும் இல்லை. பதிவு செய்யுமுன் ஒரு சேனல் மோனோ என்று மாற்றிவிட்டால் போதும். முன்பே பதிவு செய்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். டிராக்கின் பட்டியலைத் திறந்து "ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ" என்பதை அழுத்தினால் அது இரண்டு தனி டிராக்குகளாகப் பிரியும், வெறுமையான ஒன்றை நீக்கிவிடுங்கள்.

மோனோ என்றால் தரக்குறைவு என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு வாய், ஒரு மைக், ஒரு டிராக்: தனிக் குரலுக்கு அதுவே முறை. மோனோவாகப் பதிந்த குரல் இரண்டு ஒலிபெருக்கிகளிலும் சமமாக ஒலிக்கும்போது, கேட்பவருக்கு அது இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். இந்தத் தோற்றத்தை இடமும் வலமும் நகர்த்துவதுதான் பேனிங். நம் காதுகள் திசையை இரண்டு வழிகளில் அறிகின்றன: இடப்புற ஒலி இடது காதை முந்தி அடைகிறது, அங்கே சற்று உரக்கவும் கேட்கிறது. முந்தும் நேரம் மிகச் சிறியது. முற்றிலும் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பேன் குமிழ் நேரத்தைத் தொடுவதில்லை. உரப்பை மட்டும் பங்கிட்டே அது திசையைத் தோற்றுவிக்கிறது. இரண்டு ஒலிபெருக்கிகளால் திசையைத் தோற்றுவிக்கும் வழிமுறைகளை ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து எழுதி வைத்தார். நம் மடிக்கணினியில் உள்ள குமிழும் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

பஜனையில் அமர்த்துவதுபோல் அமர்த்துங்கள்

பேனிங் என்பது எண்களை நிரப்பும் வேலை அன்று, ஆட்களை அமரவைக்கும் வேலை. கோயிலில் பஜனைக்கு அமரும்போது முன்பாடுபவர் நடுவில் இருப்பார். ஹார்மோனியம் ஒரு பக்கம், தபேலா மறுபக்கம், பின்பாட்டுக்காரர்கள் இருபுறமும் வளைந்து அமர்ந்திருப்பார்கள், ஜால்ரா ஒரு மூலையில் இருக்கும். கண்ணை மூடினாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். பதிவிலும் அதைத்தான் அமைக்க வேண்டும். முதலில், யார் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கர்நாடகக் கச்சேரியில் வயலின் பாடகரின் இடக்கைப் பக்கமும் மிருதங்கம் வலக்கைப் பக்கமும் அமர்வது வழக்கம். எதிரே அமர்ந்து கேட்பவருக்கு வயலின் வலப்புறம், மிருதங்கம் இடப்புறம். இரண்டில் எந்தப் பார்வையும் சரி, ஆனால் ஒரே பதிவில் இரண்டையும் கலந்தால் குழப்பமாகிவிடும். நான் கேட்பவரின் பார்வையையே எடுத்துக்கொள்கிறேன்.

முன்பாடுபவரின் குரலை நடுவிலேயே விடுங்கள். கனத்த தாழ் ஒலிகளையும் நடுவை ஒட்டியே வையுங்கள். ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியின் திசையை ஒலிபெருக்கிகளில் காது தெளிவாக அறிவதில்லை, அதை ஓரத்துக்குத் தள்ளினால் ஓர் ஒலிபெருக்கி மட்டும் பாரம் சுமக்கும். ஹார்மோனியத்தை இடப்புறம் 30 விழுக்காடும், தபேலாவை வலப்புறம் 20 விழுக்காடும் வைத்துத் தொடங்கலாம். பின்பாட்டை இருபுறமும் 60 வரை விரிக்கலாம். ஜால்ராவின் ஓசை கூர்மையானது; அதை ஒரே பக்கத்தில் தனியாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் அந்தக் காது சலித்துவிடும், மறுபக்கத்தில் கைத்தட்டலையோ கஞ்சிராவையோ வைத்துச் சமன்படுத்துங்கள். ஒரே ஸ்தாயியில் ஒலிக்கும் இரண்டு கருவிகள், எடுத்துக்காட்டாக ஹார்மோனியமும் கீபோர்டும், ஒன்றையொன்று மறைத்தால் அவற்றைத்தான் முதலில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு அனுப்ப வேண்டும். முழு 100 விழுக்காடு ஓரம் என்பதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் இருக்கும். ஒலிபெருக்கியில் இடது ஒலி வலது காதுக்கும் சற்றுப் போய்ச் சேர்கிறது, ஹெட்ஃபோனில் அது நடப்பதில்லை.

உறுமிக்கு இரண்டு முகங்கள். ஒன்றில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறும வைக்கிறார்கள், மற்றொன்றில் அடிக்கிறார்கள். இரண்டு முகங்களுக்கும் தனித்தனி மைக் வைத்திருந்தால், உறுமலை இடப்புறம் 15-உம் அடியை வலப்புறம் 15-உம் வைத்தால் போதும். கருவிக்கு ஓர் உடம்பு வந்துவிடும். 80, 90 என்று விரித்தால் மண்டபம் அகலத்துக்கு ஒரே உறுமி நிற்பதுபோல் ஆகி, பக்கத்தில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. இரண்டு மைக் வைக்கும்போது இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒரு டிராக்கைத் தேர்ந்தெடுத்து "இன்வர்ட்" செய்து (அதன் அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். எந்த நிலையில் ஒலி நிறைந்து கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்து கேட்கும் நிலையில் ஒரு மைக்கின் அலை மற்றதன் அலையைத் தின்றுகொண்டிருக்கிறது. இரண்டு பாடகர்களுக்கு இரண்டு மைக் வைத்தால், பாடகருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது மைக்குகளுக்கிடையே இருக்கட்டும்.

குரலை அகலமாக்க அதே டிராக்கை நகலெடுத்து ஒன்றை இடமும் மற்றொன்றை வலமும் தள்ளுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும், உரப்பு மட்டும் கூடும். உண்மையான அகலம் வேண்டுமென்றால் பின்பாட்டை இரண்டாம் முறை பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒருவர் இரண்டு முறையும் ஒரே மாதிரி பாட முடியாது, அந்தச் சிறு வேறுபாடே அகலத்தைத் தருகிறது.

வேலையின் வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, ஃபேடரால் மட்டும் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்படி அளவைச் சரிசெய்யுங்கள். நடுவில் குவிந்திருக்கும்போதே சொற்கள் புரிந்தால், பின்னர் விரிக்கும்போது எல்லாம் எளிதாக அமையும். விரித்த பிறகு அளவை இன்னொரு முறை பாருங்கள், ஏனெனில் மென்பொருளுக்கு மென்பொருள் நடுவில் இருக்கும் ஒலியை 3 டெசிபலோ 4.5 டெசிபலோ குறைப்பதுண்டு, குறைக்காமலே விடுவதும் உண்டு. ஆகவே ஓரத்துக்கு நகர்த்திய கருவி சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். கேட்கும்போது இரண்டு ஒலிபெருக்கிகளும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கட்டும். ஒன்று அலமாரி மேலும் மற்றொன்று கதவுக்குப் பின்னாலும் இருந்தால் நடுவென்பதே இருக்காது. ஹெட்ஃபோனில் குரல் ஒரு பக்கம் சாய்வதாகத் தோன்றினால் அதைத் திருப்பி அணிந்து பாருங்கள். சாய்வும் திரும்பினால் குறை ஹெட்ஃபோனிலோ பதிவிலோ இருக்கிறது, திரும்பாவிட்டால் உங்கள் காதில் இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு, முழுப் பாட்டையும் மோனோவாக மாற்றி ஒரு முறை கேட்டே ஆகவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது? கோயில் கம்பத்தில் கட்டிய கோன் ஸ்பீக்கரில் ஒலிக்கும். டேவானில் (பொது மண்டபத்தில்), எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே கம்பியில் இணைத்திருக்கும் ஒலிக்கருவியில் ஒலிக்கும். அடுப்படியில் சாய்த்து வைத்த கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் ஒலிக்கும். அங்கெல்லாம் இடம் வலம் கிடையாது. ஓரத்தில் இருந்தவை நடுவில் உள்ளவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்துவிடும். பின்பாட்டு அமுங்கிப் போனால் அதன் ஃபேடரை ஒரு டெசிபல், இரண்டு டெசிபல் ஏற்றுங்கள். ஏதேனும் ஒரு கருவி முற்றிலும் காணாமல் போனால் மேலே சொன்ன "இன்வர்ட்" சோதனைக்குத் திரும்பிப் போங்கள். அனைத்தையும் கலந்த இறுதி அளவின் முகடு மைனஸ் 6-க்கு மேல் போகாமல் இருந்தால், பின்னர் யாரிடமாவது மெருகேற்றக் கொடுக்கவும் இடம் இருக்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் குரல் செய்தியாக அனுப்பாமல், வேவ் கோப்பாகச் சேமித்து ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பதிவு முடிந்த கையோடு, கெயின் குமிழ் எத்தனை மணி முள்ளின் திசையில் நின்றது, மைக்குக்கும் வாய்க்கும் எத்தனை சாண், போர்வை எங்கே தொங்கியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இன்டர்ஃபேஸின் அடியில் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் "பாட்டி, இரண்டு மணி, ஒன்றரைச் சாண், சன்னலுக்கு முதுகு" என்று எழுதியிருக்கிறது. அவர் இன்னொரு பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது என்று திடீரென்று வாசலில் வந்து நிற்கும்போது, பாயை விரித்த ஐந்தாவது நிமிடம் பதிவைத் தொடங்கிவிட முடிகிறது.